ஒரு மாலைக்கு ஒரு ரிடிம்: ஸ்டாலாக், ஸ்லெங் டெங், திவாலி மூன்றில் எது?

வருகிற சனிக்கிழமை மாலை நண்பர்கள் ஆறு பேர் எங்கள் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வருகிறார்கள். ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையை அவர்களில் ஒருவரும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. என் கையில் இருப்பது மூன்று மணி நேரம். கண்ட பாட்டையும் கலந்து போட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். மறுநாள் எதுவும் நினைவில் நிற்காது. அதனால் மாலை முழுவதும் ஒரே ரிடிமில் அமைந்த பாட்டுகளை மட்டும் ஒலிக்கவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்த ரிடிம் என்பதில்தான் இரண்டு வாரமாகத் தவிப்பு. ஸ்டாலாக், ஸ்லெங் டெங், திவாலி ஆகிய மூன்றையும் இரவுதோறும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இதே கேள்வி உள்ளவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரிடிம் என்றால் என்ன என்பது தெளிவாக வேண்டும். நம்மிடம் வர்ணமெட்டு என்ற வழக்கம் இருந்தது. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். மெட்டு பழையது, சொல் புதியது. ரிடிமில் மெட்டும் புதியதுதான். மாறாமல் நிற்பது அதற்கும் அடியில் உள்ள தளம்: பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதியின் நடை, டிரம்ஸின் அடி, அவற்றின் மேல் ஆர்கனோ கிட்டாரோ போடும் சிறு வெட்டுகள். அந்த ஒரே ஒலிப்பதிவின் மேல் பத்துப் பேர், ஐம்பது பேர், சில சமயம் நூற்றுக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு பாட்டைப் பாடி வெளியிடுவார்கள். ஒருவர் காதலைப் பாடுவார், அடுத்தவர் போலீஸ் கெடுபிடியைப் பாடுவார், மூன்றாமவர் நடன அடிகளைச் சொல்லிக் கொடுப்பார். இதைத் தாளம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆதி தாளத்துக்கு உரிமையாளர் கிடையாது. ரிடிமுக்கோ பெயர் உண்டு, பிறந்த ஸ்டூடியோ உண்டு, தயாரிப்பாளர் உண்டு.

இந்த வழக்கம் வறுமையிலும் புத்திக்கூர்மையிலும் பிறந்தது. கிங்ஸ்டன் நகரத்தில் இசைக்குழுவை ஸ்டூடியோவுக்கு அழைத்து ஒருநாள் வாசிக்கச் செய்வதற்குச் செலவு அதிகம். ஒருமுறை பதிவான வாசிப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் செலவு மிச்சம். 1960களின் இறுதியிலேயே இசைத்தட்டின் பின்பக்கத்தில் குரலை நீக்கிய வாசிப்பை மட்டும் வெட்டித் தரத் தொடங்கினார்கள். அதற்கு வெர்ஷன் என்று பெயர். தெருவோரம் ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி நடத்தும் சவுண்ட் சிஸ்டங்களில் அந்த வெர்ஷன் சுழலும்போது மைக் பிடித்து அதன் மேல் பேசியும் பாடியும் வந்தவர்களே டீஜேக்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிட வேண்டும்: ஜமைக்காவில் டீஜே என்றால் குரல் கொடுப்பவர். தட்டைச் சுழற்றுபவருக்குச் செலக்டர் என்று பெயர். 1974இல் ரூபி எட்வர்ட்ஸ் என்ற தயாரிப்பாளர் ஒரே ரிடிமின் வடிவங்களால் ஓர் ஆல்பம் முழுவதையும் நிரப்பினார். அப்படி வந்தவற்றுள் முதல் ஆல்பம் அதுவே என்று பொதுவாகச் சொல்வார்கள்.

செலக்டர் ஒரே ரிடிமின் பாட்டுகளை இடைவெளியின்றி அடுத்தடுத்துக் கோத்துப் போடுவதை ஜக்ளிங் என்பார்கள். என் மாலையும் ஒரு சிறு ஜக்ளிங்தான். விருந்தினர்கள் தளத்தை மறந்து குரல்களைப் பிரித்தறிய வேண்டும் என்பதே என் விருப்பம். இதே தரையில் இவர் எப்படி நடக்கிறார், அவர் எப்படி நடக்கிறார் என்று அவர்களாகவே பேசிக்கொள்ளத் தொடங்கினால் போதும். எனவே குரலுக்கு எவ்வளவு இடம் விடுகிறது என்பதே மூன்று ரிடிம்களுக்கும் நான் வைத்த முதல் சோதனை. பழக்கமில்லாத காதுக்கு உடனே பிடிப்புக் கிடைக்கிறதா, மூன்று மணி நேரம் தாங்குமா என்பவை அதற்குப் பிறகுதான்.

பிடிப்பு என்று பார்த்தால் திவாலிக்கு நிகரில்லை. ஸ்டீவன் லெங்கி மார்ஸ்டன் அமைத்த இந்த ரிடிமின் உயிர் கைத்தட்டலில் இருக்கிறது. எதிர்பார்க்கும் இடத்துக்குச் சற்று முன்னும் பின்னும் விழுகிற அந்தத் தட்டல் பத்து விநாடிக்குள் கேட்பவரின் விரல்களுக்கு வந்துவிடும். கும்மியடித்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்குக் கையொலியே பாட்டைச் சுமப்பது புதிதல்ல. பெயரும் நம் பண்டிகையின் பெயர். 1845இல் முதல் கப்பல் ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் பே கரையில் ஆட்களை இறக்கிய நாள் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை இந்தியாவிலிருந்து 36,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. பண்டிகையின் பெயர் அந்தத் தீவில் அந்நியச் சொல்லாக ஒலிக்காததற்கு அந்த வரலாறே காரணம்.

திவாலியின் இன்னொரு பலம், அதன் முக்கியமான பாட்டுகள் எல்லாம் ஒரே பருவத்தில் வந்தவை என்பது. 2003இல் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதே ஆண்டு, அதே பட்டியலில், அதே ரிடிமில் வெயின் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' 11ஆம் இடத்தையும், நியூயார்க்கைச் சேர்ந்த இளம்பெண் லூமிடியின் பாட்டு 3ஆம் இடத்தையும் தொட்டன. ஷான் பால் சொற்களைச் சரம் வெடிப்பதுபோல் அடுக்குகிறார். வெயின் வொண்டர் அதே தட்டலின் மேல் நீண்ட, குழைந்த காதல் மெட்டை இழுக்கிறார். லூமிடியின் குரல் பயிற்சியற்ற, பக்கத்து வீட்டுப் பெண் முணுமுணுக்கும் குரல். ரிடிம் என்ற ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக மூன்று பாட்டுகளில் காட்டிவிட முடியாது. பவுன்டி கில்லர், எலிஃபன்ட் மேன் ஆகியோரின் பாட்டுகளையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் நன்றாகவே போகும்.

ஆனால் ஒரு மணி நேரம்தான். மூன்றாம் இரவு எனக்கு இது உறைத்தது. அந்தத் தட்டல் எப்போதும் முன்னால் நிற்கிறது. எந்தக் குரல் வந்தாலும் முதலில் அதைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. ஆறாவது பாட்டில் குரலைக் கேட்பதை விட்டுவிட்டு மறுபடியும் தட்டலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆடுவதற்குக் கூடும் கூட்டத்துக்கு அது வரம். உட்கார்ந்து கேட்கிற ஆறு பேருக்கு அது சுவராகிவிடும்.

திவாலியின் உறவினர்போல ஒலிக்கும் கூலி டான்ஸ் என்ற ரிடிமும் உண்டு. கோர்டெல் ஸ்கட்டா பரெல் 2003 வாக்கில் செய்தது. நீனா ஸ்கை, பிட்புல் ஆகியோர் 2004இல் இதன் மேல் பாடிப் புகழ்பெற்றார்கள். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் ஏதோ தட்டும். தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தைச் சொல்லும் சொல், கடல் கடந்துபோய் இந்திய வம்சாவளியினரை இழிவாகக் குறிக்கும் சொல்லானது. விருந்தினர்களோடு இதைப் பேச விருப்பம்தான். ஆனால் முதல் மாலையிலேயே பேச்சு இசையை விட்டு அங்கே போய்விடும்.

அடுத்தது ஸ்லெங் டெங். கதை என்று பார்த்தால் மூன்றிலும் இதற்கே முதலிடம். ஜப்பானின் கேசியோ நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் எம்டி-40 என்ற சின்ன, மலிவான கீபோர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ராக் என்று பெயரிட்ட தாளத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் தயாராக வைத்த ஒரு பேஸ் நடை ஓடும். அதை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண். இசைக் கல்லூரியில் ஜமைக்காவின் ரெக்கே இசையைப் பற்றி ஆய்வு எழுதிவிட்டு 1980இல் அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் கீபோர்டு ஒன்று கிங்ஸ்டனில் நோயல் டேவி என்பவரின் கைக்கு வந்தது. அவரும் பாடகர் வெயின் ஸ்மித்தும் அந்த நடையில் மயங்கி, வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜாமியிடம் எடுத்துப் போனார்கள். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். குறைத்ததும் அது வேறொரு விலங்காக நடக்கத் தொடங்கியது. ரெக்கேயைக் கேட்டு வளர்ந்த ஒரு ஜப்பானியப் பெண் பொத்தானுக்குள் வைத்த ஒலி, உலகைச் சுற்றி ரெக்கே பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

1985 பிப்ரவரி 23 அன்று வால்தம் பார்க் சாலையில் ஜாமியின் சவுண்ட் சிஸ்டத்துக்கும் பிளாக் ஸ்கார்பியோ என்ற சவுண்ட் சிஸ்டத்துக்கும் போட்டி நடந்தது. அன்று அந்த நடையின் மேல் வெயின் ஸ்மித் பாடிய பாட்டைக் கேட்ட கூட்டத்துக்குப் பழைய ஒலிக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் போய்விட்டது. அடுத்த சில மாதங்களுக்குள் கிங்ஸ்டனின் ஸ்டூடியோக்கள் கணினி ஒலிக்கு மாறத் தொடங்கின. பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் வாசித்துப் பிழைத்த கலைஞர்கள் பலருக்கு வேலை குறைந்தது. இந்த ரிடிமைக் கொண்டாடும்போது அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்க எப்படி இருக்கிறது? இறுக்கமாக, வறண்டு, நெஞ்சில் முட்டும்படி. பேஸ் ஒரு நொடியும் ஓய்வதில்லை. அதன் மேல் பாடுகிறவர் அதன் ஓட்டத்தோடு ஓட வேண்டும். நின்று மூச்சு விட இடமில்லை. அதனால் திறமைசாலிகள் ஜொலிக்கிறார்கள், மற்றவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் ஒலிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பாட்டுகள் இதில் வந்திருந்தும் மறக்க முடியாதவை என்று நான் எடுத்து வைத்தவை எட்டுக்குள் அடங்கிவிட்டன. சொல்ல வேண்டிய இன்னொன்று: ஸ்லெங் டெங் என்ற பெயரே கஞ்சாவைக் குறிப்பது. (கஞ்சா என்ற சொல்லும் செடியின் வழக்கமும் இந்தியத் தொழிலாளர்களோடு அந்தத் தீவுக்குப் போனவைதான்.) வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது பாட்டின் பொருளைக் கேட்டால் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

இனி ஸ்டாலாக். இதைப் பற்றி நடுநிலையோடு எழுத என்னால் முடியாது, முயலவும் இல்லை. 1973இல் வின்ஸ்டன் ரைலியின் தயாரிப்பில் ஆர்கன் கலைஞர் ஆன்சல் காலின்ஸ் பெயரில் 'ஸ்டாலாக் 17' என்ற வாத்திய இசையாக வந்தது. இரண்டாம் உலகப்போர்க் கைதிகள் முகாமைப் பற்றிய ஒரு திரைப்படத்தின் பெயரும் அதுவே. மனிதர்கள் கையால் வாசித்த பேஸ், மனிதர்கள் அடித்த டிரம்ஸ். பேஸ் நாலெட்டு நடந்து நின்று திரும்பிப் பார்க்கும். அந்த நிற்றலில் ஒரு வெளி திறக்கிறது. அங்கேதான் குரல் வந்து அமர்கிறது.

அந்த வெளிக்குள் யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். 1982இல் சிஸ்டர் நான்சி, ஆண்களே மைக்கைப் பிடித்துவைத்திருந்த டான்ஸ்ஹால் உலகில் ஒரு பெண்ணாக நின்று, இதன் மேல் 'பாம் பாம்' பாடினார். அவசரமே இல்லாத குரல். சொல்லை முடித்துவிட்டுச் சற்றுக் காத்திருந்து, பேஸ் வந்து தொட்ட பிறகு அடுத்த சொல்லை எடுப்பார். பாட்டின் பல்லவி டூட்ஸ் அண்ட் தி மேய்ட்டல்ஸ் குழு 1966இல் ஜமைக்காவின் விழாப் பாட்டுப் போட்டியில் வென்ற பாட்டிலிருந்து வந்தது. ஆக ஒரே பாட்டுக்குள் இரண்டு பழைய சொத்துக்கள் சேர்ந்திருக்கின்றன. 2016இல் கான்யே வெஸ்ட்டும் 2017இல் ஜே-ஸீயும் நான்சியின் குரலைத் தங்கள் பாட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள். உலகமே முணுமுணுத்த அந்தப் பாட்டிலிருந்து நான்சிக்கு நெடுங்காலம் பணம் வரவில்லை. அமெரிக்காவில் வங்கி வேலை பார்த்து வாழ்ந்தார். 2014இல் ஒரு விளம்பரத்தில் தன் குரலைக் கேட்ட பிறகே சட்டவழியில் போராடி உரிமையில் பங்கு பெற்றார். ஜமைக்காவின் இன்றைய பதிப்புரிமைச் சட்டம் 1993இல்தான் வந்தது. ரிடிம் எல்லோருக்கும் பொது என்ற தாராளத்துக்கு இப்படி ஒரு முகமும் உண்டு. விருந்தினர்களிடம் இதைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் போட எனக்கு மனம் வராது.

பிறகு 1985. ஸ்லெங் டெங் ஊரையே ஆட்டிப்படைத்த அதே ஆண்டில் டெனர் சா என்ற பத்தொன்பது வயது இளைஞர் பன்னிரண்டு வருடப் பழைய ஸ்டாலாக்கின் மேல் 'ரிங் தி அலார்ம்' பாடினார். ஒரு சவுண்ட் சிஸ்டம் போட்டியில் தோற்று அழிகிறது, மணியை அடியுங்கள் என்பதே பாட்டு. தேவாலயத்தில் கேட்பதுபோன்ற, சற்றே கரகரத்த, உயரே எழும்பி அலையும் குரல். இவரே அதே காலத்தில் ஸ்லெங் டெங்கின் மேலும் 'பம்கின் பெல்லி' என்ற பாட்டைப் பாடியிருக்கிறார். என் தவிப்பைத் தீர்த்துவைத்தது இந்த இணைதான். குரல் ஒன்று, ஆண்டு ஒன்று, தளம் மட்டும் வேறு. ஸ்லெங் டெங்கில் அவர் அலையின் மேல் சறுக்கிப் போகிறார், அழகாகத்தான் போகிறார். ஸ்டாலாக்கில் அவர் நிற்கிறார். ஒரு சொல்லை வீசிவிட்டு அது சுவரில் மோதித் திரும்பும்வரை காத்திருக்கிறார். 1988இல், 22 வயதில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இறந்துபோனார். அந்தக் காத்திருப்பைக் கேட்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஸ்டாலாக்குக்கும் குறை உண்டு. முதல் ஐந்து நிமிடம் கேட்பவரை அது இழுக்காது. திவாலியின் தட்டல்போலச் சட்டையைப் பிடித்துக் கூப்பிடும் எதுவும் அதில் இல்லை. பழைய பதிவுகளில் இரைச்சல் கேட்கும். எல்லாவற்றையும்விட, கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் போட்டால் பேஸ் முழுவதும் காணாமல் போய், மீதி எலும்புக்கூடுதான். பேஸைத் தாங்கும் ஒலிபெருக்கி இல்லாதவர்கள் ஸ்டாலாக்கை எடுக்கவே வேண்டாம், திவாலிக்குப் போய்விடுங்கள். அதன் தட்டல் எந்தப் பெட்டியிலும் கேட்கும்.

டெம் பவ் ரிடிமை ஏன் சேர்க்கவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். ஸ்டீலி, கிளீவி என்ற இணையரின் தாள அமைப்பிலிருந்து வந்து, ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் ரெக்கேட்டோன் என்ற ஓர் இசைவகைக்கே அடித்தளமானது அது. 2021இல் அவர்கள் தரப்பு அமெரிக்காவில் தொடுத்த வழக்கு, பின்னர் 1,800க்கும் மேற்பட்ட பாட்டுகளில் தங்கள் தாளம் இருப்பதாகக் கோரும் அளவுக்கு விரிந்தது. இத்தனை பெருகிவிட்டதை ஒரு மாலையில் ரிடிமாக அடைத்துக் காட்ட முடியாது. அந்தப் பெயரைத் தந்த ஷாபா ராங்க்ஸின் பாட்டு ஒருபால் விருப்பம் கொண்டவர்கள்மேல் வெறுப்பைக் கக்குவது. என் வீட்டில் அதைப் போட மாட்டேன்.

ஆக, என் மாலைக்கு ஸ்டாலாக். நடனத்துக்காகக் கூட்டம் கூட்டுகிறவர்கள் தயங்காமல் திவாலியை எடுக்கலாம். ஒலிப்பதிவுத் தொழிலிலோ கீபோர்டிலோ ஆர்வமுள்ள இளைஞர்கள் கூடினால் ஸ்லெங் டெங்கைவிடச் சிறந்த பாடம் இல்லை.

வரிசையையும் எழுதி வைத்துவிட்டேன். முதலில் ஆன்சல் காலின்ஸின் வாத்தியப் பதிவு, எந்த விளக்கமும் இல்லாமல், இரண்டு முறை. தளம் காதில் இறங்கிய பிறகே குரல். அடுத்து சிஸ்டர் நான்சி. அதன் பிறகு அவருடைய பணத்தின் கதை. மூன்றாவதாக டெனர் சா. தேநீருக்கு முன் வேறு நாலைந்து குரல்கள், பெயர் சொல்லாமல். யாருடைய நடை எப்படி என்று அவர்களே பேசட்டும். தேநீருக்குப் பிறகு ஒரே ஒரு விதிவிலக்கு: 'பம்கின் பெல்லி'யைப் போட்டு, நிறுத்தாமல் மீண்டும் 'ரிங் தி அலார்ம்'. ஜன்னலோர நாற்காலிகளை நடு அறைக்கு இழுத்துவிட வேண்டும், மூலையில் உட்கார்ந்தால் பேஸ் குழம்பிக் கேட்கிறது. மூன்று மணி நேரம் கிடைக்காமல் அரை மணிதான் இருக்கிறது என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு டெனர் சாவின் அந்த இரண்டு பாட்டுகளை மட்டும், இதே வரிசையில், இரண்டு முறை கேளுங்கள்.